‘60 பேரை எடுக்கிறோம்’ என்கிற கம்பெனியில் சேரலாமா?

கேள்வி: எனக்குப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். வயது 29. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, பொள்ளாச்சியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் ஆறு வருடமாக சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கையில் வருவது 24,000 ரூபாய். சிவில் வேலைகளும் குடிநீர்த் திட்ட வேலைகளும் எடுக்கும் ஒரு கம்பெனி பாலக்காட்டிலும் கோவையிலும் புது ஆபீஸ் திறந்திருக்கிறது. இந்த வருடம் 60 பேரை எடுக்கிறோம் என்று விளம்பரமும் செய்திருக்கிறது. எனக்கு ‘ப்ராஜெக்ட் இன்ஜினியர், வாட்டர்’ என்று பதவி போட்டு மாதம் 33,000 என்கிறார்கள். ‘இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே’ என்கிறார் அப்பா. நம்பிப் போகலாமா?

பதில்:

போகலாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புது ஆபீஸ், ரிப்பன், ஒரே நிற டீ-ஷர்ட்டில் குரூப் போட்டோ எல்லாம் கம்பெனிக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். செய்த வேலைக்குப் பணம் வருகிறதா என்று சொல்லாது. நம் தொழிலில் அந்த இரண்டுக்கும் நடுவே சில சமயம் ஒரு வருடமே ஓடிவிடும்.

நானும் உங்கள் வயதில் அப்படி ஒரு போட்டோவில் நின்றவன்தான். இருபத்திரண்டு பேர். எல்லோர் கையிலும் லட்டு. ஏழாவது மாதம் சம்பளம் இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போனது. அப்புறம் இரண்டு மாதம் வரவே இல்லை. முதலாளி மோசமானவர் என்று சொல்லமாட்டேன். வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில் மூன்று ஒன்றாக மாட்டிக்கொண்டது, குழாய் சப்ளை செய்தவர் கழுத்தில் துண்டைப் போட்டார், நாங்கள் வரிசையில் கடைசி. அன்றைக்கு யாராவது எனக்கு நாலு விஷயம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் பக்கத்தில் தண்ணீர் வேலைக்குப் பஞ்சமே வராது. உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி கேரளத்தில் இருந்தாலும் மழையில் கேரளம் இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு வழியாக வந்தாக வேண்டும். அது பிந்தினால் இரண்டு பக்கமும் சத்தம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பு குறித்த இடங்களில் சித்தூர் பிளாக்கும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றில் வருவதிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குடிக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் தேவை. கம்பெனிகள் முளைப்பதும் அதனால்தான்.

ஆனால் வேலை எந்தப் பணத்தில் நடக்கிறது என்று பாருங்கள். இந்தச் சில வருடங்களில் நாடு முழுக்க இப்படி வளர்ந்த கம்பெனிகள் பலவும் ஜல் ஜீவன் திட்டத்தை நம்பி வளர்ந்தவை. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்தார்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், 2024-க்குள் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் என்பது இலக்கு. 2024-25 பட்ஜெட்டில் மத்திய அரசு ஏறத்தாழ 70,000 கோடி ஒதுக்கியது. திருத்த மதிப்பீட்டில் அது 23,000 கோடிக்கும் கீழே வந்தது. திட்டத்தை 2028 வரை நீட்டியும்விட்டார்கள். அந்த வருடம் கையில் 100 கோடிக்கு ஆர்டர் இருக்கிறது என்று கேக் வெட்டிய கான்ட்ராக்டரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆர்டர் பத்திரமாகத்தான் இருந்திருக்கும், பில்தான் பாஸாகியிருக்காது. எனவே உங்கள் கம்பெனியிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கையில் இருக்கும் வேலைகள் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவையா, இல்லை நகராட்சி, தொழிற்சாலை, தனியார் குடியிருப்பு என்று கலந்திருக்கிறதா?

அடுத்தது நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது. பிஎஃப் அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று காட்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் பிஎஃப்-இல் பதிவு செய்தாக வேண்டும். போட்டோவில் 80 பேர் நின்று, பட்டியலில் 23 பேர் இருந்தால் மீதிப் பேர் என்ன கணக்கு என்று கேட்க வேண்டியதுதான். நான் எண்ணிக்கையைவிடத் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு மாதக் கணக்கை அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும். தொடர்ந்து நாற்பது நாள், ஐம்பது நாள் தள்ளிக் கட்டியிருந்தால் அங்கே கையில் காசு ஓடவில்லை என்று அர்த்தம். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எப்போது தொடங்கியது, கடைசியாக எந்த வருடக் கணக்கைத் தாக்கல் செய்தார்கள், எந்த வங்கிக்குச் சொத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இலவசமாகவே தெரியும்.

சரி, 60 பேர் யார் யார்? ‘பிசினஸ் டெவலப்மென்ட்’ மேனேஜர்கள் நாலு பேர், பில்லிங் இன்ஜினியர் ஒருவர்கூட இல்லை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். செய்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக் எழுதி, அளவு சரிபார்த்து, பில்லை ஆபீஸ் ஆபீஸாக நகர்த்தும் ஆள் இருந்தால்தான் உங்கள் சம்பளம் ஒன்றாம் தேதி வரும். இன்டர்வியூவில் தயங்காமல் கேளுங்கள்: இந்த வேலையில் எனக்கு முன் யார் இருந்தார்? இப்போது எங்கே இருக்கிறார்? ‘புதுப் பதவி’ என்றால் நல்லது. ‘அவர் போய்விட்டார்’ என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினால், அவருடைய நம்பரைத் தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை வேலையைத் தண்ணீர் ஓடவிட்டு ஒப்படைத்தீர்கள்? குழாய் பதிப்பதை யாரும் செய்வார்கள். ஒப்படைப்பதில்தான் கம்பெனியின் லட்சணம் தெரியும். உங்களுக்குத் தெரிந்த காட்சிதான். டெஸ்டிங் அன்று சாயங்காலம் லைனில் தண்ணீர் நிரப்பி, ஏர் வால்வில் புஸ்ஸென்று காற்று போய், பம்பை அடித்து, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு எல்லோரும் கேஜைச் சுற்றிக் குந்துவார்கள். 9 பாரில் நிற்கிற முள் 8.6-க்கு வரும், பிறகு 8.2. டார்ச் எடுத்துக்கொண்டு ஜாயின்ட் ஜாயின்டாக நடந்தால் எங்கோ ஒரு இடத்தில் கரிசல் மண் கறுத்து ஈரமாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் ரப்பர் ரிங்குக்கு அடியில் நாலு மணல். அதைத் துடைக்க அரை நிமிடம் போதும், துடைக்கத்தான் ஆள் இல்லை. உங்கள் தாலுகாவின் கரிசல் வெயிலில் பிளந்து மழையில் ஊதும். குழாய்க்கு அடியில் மணல் படுக்கை போடாமல் விட்டால் இன்று டெஸ்டில் பாஸானதும் அடுத்த மே மாதம் பிடுங்கிக்கொள்ளும். ஒப்படைத்த பிறகும் பழுதைச் சரிசெய்ய வேண்டிய அந்தப் பொறுப்புக்காலச் செலவு கம்பெனியின் தலையில்தான் விழும்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த முள் ஏன் இறங்குகிறது என்று தெரிந்தவர் நீங்கள். தமிழும் மலையாளமும் சரளமாக வரும். கொங்கன்படைத் திருவிழா சமயத்தில் சாலையைத் தோண்டிப் போட்டால் எந்த வார்டு மெம்பர் போன் செய்வார் என்பதும் தெரியும். இரண்டு மாநிலத்திலும் வேலை எடுக்கும் கம்பெனிக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது சுலபமில்லை. 33,000 என்பது அவர்கள் போடும் பிச்சை என்று நினைக்கவேண்டாம். குழாய்களில் தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடும் எபானெட் என்ற மென்பொருள் இலவசம். ஒரு மாதம் உட்கார்ந்து பழகினால் சூப்பர்வைசர் என்ற முத்திரை கொஞ்சம் விலகும்.

இப்போது அந்த 33,000. அது கையில் வருவதா, இல்லை கம்பெனி செலவழிக்கும் மொத்தமா? மொத்தம் என்றால், 15,000 ரூபாய் உச்சவரம்புக்குப் பிஎஃப் பிடித்தால்கூட உங்கள் பங்கு 1,800, அவர்கள் பங்கு 1,800 போக 29,400 மிஞ்சும். உயர்வு 9,000 என்று நினைத்தது 5,400 ஆகிவிடும். தினமும் பாலக்காட்டுக்குப் போய்வரும் செலவையும் கழித்துப் பாருங்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் இஎஸ்ஐ மருத்துவ வசதி கிடைக்காது. ஆளுயரப் பள்ளத்தில் இறங்கி நிற்கிற வேலை இது. குரூப் மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் நியமன ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும். ‘ப்ராஜெக்ட் முடியும்வரை’ என்று கால வரம்பு போட்டிருந்தால் பதற வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி, அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. நியமனக் கடிதமும் கட்டாயம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

என் அபிப்பிராயம்: பிஎஃப் தேதிகள் ஒழுங்காக இருந்து, வேலைகளும் கலந்து இருந்தால் போங்கள். அப்பாவிடம் அந்தப் பிஎஃப் பட்டியலைத் திறந்து காட்டுங்கள். தேதி தள்ளித் தள்ளிப் போயிருந்தால் 40,000 கொடுத்தாலும் வேண்டாம்.

சேர்வதாக இருந்தால் பழைய இடத்தில் முறையாக நோட்டீஸ் கொடுத்து, சிரித்த முகத்தோடு வெளியே வாருங்கள். பொள்ளாச்சியும் பாலக்காடும் கூப்பிடு தூரம், அதே கான்ட்ராக்டரை அடுத்த டெண்டரில் சந்திப்பீர்கள். வந்த பிறகு உங்கள் பிஎஃப் கணக்கில் பழைய இடத்தை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது தலைவலி. அவர்கள் மறந்துவிட்டால், வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்ததும் உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன் மூலமாக நீங்களே பதிந்துகொள்ளலாம்.