'செல்டம்' என்றால் 'எப்போதாவது' என்று அர்த்தமா? வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கும், தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அதை மட்டும் நம்பி வாக்கியம் எழுதினால் காலை வாரிவிடும். தமிழில் 'எப்போதாவது வருவார்' என்றால் வருவார் என்பதுதான் காதில் விழுகிறது. அதற்கு 'சம்டைம்ஸ்' போதும். 'ஹி செல்டம் கம்ஸ்' என்பவர் சொல்ல வருவது 'அவர் அவ்வளவாக வரமாட்டார்' என்பது. 'நாட்' வெளியே தெரியாவிட்டாலும் இது எதிர்மறைச் சொல். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் தங்கை ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதி, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். அதிகம் லீவு எடுக்கமாட்டேன் என்று சொல்வதற்காக 'ஐ டோன்ட் செல்டம் டேக் லீவ்' என்று எழுதியிருந்தாள். 'எப்போதாவதுகூட எடுப்பதில்லை' என்று தமிழில் யோசித்தது அப்படியே இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் எதிர்மறையோடு எதிர்மறை மோதி, அடிக்கடி லீவு போடுவேன் என்று ஆகிவிடும்! 'டோன்ட்'டை அடித்தோம், 'ஐ செல்டம் டேக் லீவ்', சரியாகிவிட்டது.

பரீட்சையில் கேட்கும் கொஸ்டின் டேக்கும் இதே கணக்குதான். 'ஹி செல்டம் கம்ஸ், டஸ் ஹி?' என்று வரும், 'டஸன்ட் ஹி' வராது. வாக்கியத்தின் தலையில் வைத்தால் 'நெவர்' போலவே துணைவினையை முன்னால் இழுத்துக்கொள்ளும்: 'செல்டம் ஹேவ் ஐ சீன் சச் ரெய்ன்.' மற்றபடி முக்கிய வினைக்கு முன்னால், 'ஈஸ்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால், அவ்வளவுதான். 'செல்டம்லி' என்று வால் ஒட்டாதீர்கள். இது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல், ஜெர்மன் மொழியில் இன்றும் இதன் உறவுச்சொல் 'செல்டென்' புழங்குகிறது. பேச்சில் 'ரேர்லி', 'ஹார்ட்லி எவர்' இரண்டும்தான் இயல்பு, 'செல்டம்' கொஞ்சம் எழுத்துநடை.

இதற்கு எனக்குப் பிடித்த தமிழ் 'அத்தி பூத்தாற்போல'. அத்திக்காயை இரண்டாகப் பிளந்து பாருங்கள், உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக இருப்பதுதான் பூக்கள். வெளியே பூவாக யார் கண்ணிலும் படாது, அதனால்தான் அந்த வழக்கு. 'ஹி செல்டம் ரைட்ஸ் டு மீ' என்பதை 'எப்போதாவது கடிதம் எழுதுவார்' என்று மாற்றாமல், 'அத்தி பூத்தாற்போல ஒரு கடிதம் போடுவார்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஏக்கமும் சேர்ந்து வரும்.