நாள்பட்ட வலிக்கு உளவியலாளரிடம் ஏன் அனுப்புகிறார்கள்? அங்கே என்ன நடக்கும்?

இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி இருப்பதாகவும், ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) தேய்மானம் என்று மட்டும் வந்ததாகவும், இப்போது எலும்பு மருத்துவர் உளவியலாளரைப் பார்க்கச் சொல்வதால் உங்கள் வலியைப் பொய் என்று நினைக்கிறாரோ என வருந்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மும்பையில் ஒரு வலி சிகிச்சைப் பிரிவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழர்களில் பலர் முதல் நாளன்று இதே வருத்தத்தோடுதான் எதிரில் அமர்கிறார்கள்.

உங்கள் வலி உண்மையானது. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் காயம் ஆறியிருந்தாலும், நரம்பு மண்டலம் சிறு தூண்டலையும் பெரிய வலியாக உணர்த்தப் பழகிவிட்டிருக்கக்கூடும். வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்றும், அதில் மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளுக்கும் பங்கு உண்டு என்றும் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் எழுதினார்கள். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன என்றாலும், அடிப்படை இன்றும் நிற்கிறது. அச்சமும் கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுவது இவ்வாறு உடலின் வழியாகத்தான் நடக்கிறது.

ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை, அவர்களில் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்படுவதாகக் கூறுகிறது. ஆனால் ‘தேய்மானம்’ என்று தாளில் படித்தவுடன், குனிந்தால் முதுகெலும்பு நழுவிவிடும் என்ற அச்சம் பலருக்கு வந்துவிடுகிறது. குனிவதை விடுகிறார்கள், பிறகு நடப்பதைக் குறைக்கிறார்கள், தசைகள் தளர்கின்றன, முன்பு வலிக்காத வேலையும் வலிக்கத் தொடங்குகிறது. என் வேலையின் பெரும்பகுதி இந்தச் சுழலை அவிழ்ப்பதுதான்.

முதல் சந்திப்பில் வலி எப்போது கூடுகிறது, எப்படித் தூங்குகிறீர்கள், எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேட்பேன். கால் வலுவிழப்பு, சிறுநீர் கட்டுப்பாடின்மை, காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் என் வேலையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்புவேன். நான் மாத்திரை எழுதித் தருவதில்லை. இப்போது உட்கொள்ளும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

பிறகு நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒருவரை அடையாளம் காட்டாதபடி பலருடைய அனுபவங்களைச் சேர்த்திருக்கிறேன். தாராவியில் விடியுமுன் எழுந்து விற்பனைக்கு இட்லி அவிக்கும் ஒரு பெண், வலி குறைந்த நாளில் மாவரைப்பது முதல் பாத்திரம் கழுவுவது வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்கள் படுத்துவிடுவார். அவரிடம் அதிகம் உழைக்கவோ குறைவாக உழைக்கவோ நான் சொல்லவில்லை. வலி வந்தபின் ஓய்வெடுக்கும் பழக்கத்தை மாற்றி, நல்ல நாளானாலும் மோசமான நாளானாலும் இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் அமர்வது என்று கடிகாரத்தை வைத்து வேலையைப் பிரித்தோம். சில வாரங்களுக்கு ஒருமுறை நிற்கும் நேரத்தைச் சிறிது கூட்டினோம். அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் வலி எவ்வளவு என்று பார்க்காமல், முன்பே குறித்த அளவுக்கு வேலை செய்ய வைத்த காலத்திலிருந்து வளர்ந்துவந்த முறை இது. இதனுடன் மூச்சுப் பயிற்சி, தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துதல், ‘இனி நான் எதற்கும் உதவ மாட்டேன்’ என்ற எண்ணம் எழும்போது அதை நின்று ஆராய்தல் ஆகியவையும் உண்டு. இயன்முறை சிகிச்சை இவற்றோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

வலி அடியோடு நீங்கிவிடும் என்று எவரேனும் உறுதியளித்தால் நம்ப வேண்டாம். இத்தகைய சிகிச்சை பற்றிய ஆய்வுகளை 2020-இல் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பாய்வு, வலியிலும் முடக்கத்திலும் மனவேதனையிலும் கிடைக்கும் பயன் சராசரியாகச் சிறியது என்றே சொல்கிறது. ஆனால் மீண்டும் அடுப்படியில் நின்று தன் தொழிலைப் பார்க்க முடிகிற ஒருவருக்கு அந்தச் சிறிய பயன் எவ்வளவு பெரியது என்பதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். எனக்குள்ள ஆதங்கம், ஊசியும் பெல்ட்டும் பல ஸ்கேன்களும் முடிந்து, கையிருப்புக் கரைந்த பிறகே எங்களிடம் அனுப்பப்படுகிறார்கள் என்பதுதான். உங்கள் மருத்துவர் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறார் என்றால், தயங்காமல் செல்லுங்கள். அந்த உளவியலாளர் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவு பெற்றவரா என்றும், வலியுள்ளவர்களோடு பணியாற்றியிருக்கிறாரா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

முடிந்தால் வீட்டில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ‘நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அன்பினால் எல்லா வேலையையும் வாங்கிக்கொள்ளும் கணவருக்கோ மகளுக்கோ, எந்த வேலையை உங்கள் கையிலேயே விட வேண்டும் என்பதை நேரில் விளக்க வேண்டியிருக்கும்.