வாசகர் கேள்வி, நம்ம பதில்: ஆதித்த கரிகாலனை யார் கொன்னா?

கே: அண்ணா வணக்கம், ராயபுரத்துலேர்ந்து எழுதுறேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வரமாட்டேங்குது, அதனால ரெண்டு மாசமா ஒரே படிப்புதான். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன், அப்புறம் கடல் புறா, வானம் வசப்படும், சுஜாதாவோட கொலையுதிர் காலம், கூடவே பழைய பாக்கெட் நாவல் ஒரு கட்டு. என் அபிப்பிராயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அத்தனை பக்கம் படிக்க வெச்சுட்டு ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனை யார் கொன்னான்னு தெளிவா சொல்லாம விட்டது எனக்கு ஏமாத்து வேலையா படுது. கடல் புறால சண்டை வந்தா கீழ வைக்க முடியல, ஆனா ஒரு பொண்ணு கதவைத் தொறந்து உள்ள வர்றதுக்குள்ள நாலு பக்கம் வர்ணனை. வானம் வசப்படும் ரொம்ப ஸ்லோ, ஹீரோவே இல்ல. கொலையுதிர் காலம் டாப். பாக்கெட் நாவல் படிக்கறப்போ விறுவிறுன்னு போகுது, மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இல்ல. சரித்திர நாவல்ங்கறதே ராஜா வேஷம் போட்ட சஸ்பென்ஸ் நாவல்தானோ? ரெண்டுல எது நிக்கும்?

ப: தம்பி, இவ்ளோ ஒளிவு மறைவில்லாம எழுதினதுக்கு முதல்ல நன்றி. உங்க அபிப்பிராயத்துல பாதிக்கு நான் உங்க கட்சி, மீதிக்கு சண்டை போடத்தான் போறேன்.

கரிகாலன் விஷயத்துக்கே வருவோம். கல்கி ஒளிச்சு வெச்ச ரகசியம் இல்ல அது. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்து ரெண்டாவது வருஷத்து ஆணை. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் போட்டு, அவங்களோட உறவுக்காரங்களையும் சேர்த்து சொத்தைப் பறிமுதல் பண்ணச் சொல்லுது. பேர் இருக்கு, ஆனா எதுக்காகக் கொன்னாங்க, பின்னாடி யாராவது இருந்தாங்களாங்கறது அதுல இல்ல. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவுல உத்தம சோழன் சுமார் 15 வருஷம் ஆண்டிருக்கார், ராஜராஜன் வந்தது 985-ல. அவ்ளோ வருஷம் ஏன் தண்டனை குடுக்கலன்னு கேட்டு நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை ஒத்துக்கல. ஆராய்ச்சி பண்ணினவங்களே அடிச்சுக்கிட்ட இடம் தம்பி, அங்க கல்கி ஒரு நந்தினியைக் கற்பனையா கொண்டாந்து நிறுத்தி, அந்த ராத்திரி கடம்பூர் மாளிகைல வெளக்கு அணைஞ்சு இருட்டா இருக்கறப்போ நம்மளை உள்ள விட்டுட்டார். யாருக்கும் தெரியாததைத் தெரியாதுன்னு விடுறது வேற, தனக்குத் தெரிஞ்சதை நம்மகிட்டேர்ந்து ஒளிக்கறது வேற. நான் ஒரு நாவலை எடை போடறது இந்த ஒண்ணை வெச்சுத்தான், சரித்திரமோ துப்பறியும் கதையோ.

உங்க பாக்கெட் நாவல் ஏன் மறந்து போகுதுன்னா, நிறைய கதைல கொலைகாரன் கடைசி ரெண்டு பக்கத்துலதான் தலையே காட்றான். அதுக்கு முன்னாடி ஒரு துப்பு கூட நம்ம கைக்கு வரல, அப்போ நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்காக எல்லாத்தையும் ஒரே தட்டுல வெக்காதீங்க. ராஜேஷ்குமார் ரெண்டு கதையை அத்தியாயம் அத்தியாயமா மாத்தி மாத்தி ஓட்டிட்டு கடைசில ஒண்ணா முடிச்சுப் போடுவார் பாருங்க, அந்தக் கட்டுமானம் லேசுப்பட்டதில்ல. கொலையுதிர் காலம் உங்களுக்குப் பிடிச்சதுக்கும் இதே காரணம்தான்னு நினைக்கிறேன். அதுல துப்பறியற வக்கீல் கணேஷ் விஞ்ஞானம்ங்கறான், அவனோட ஜூனியர் வசந்த் பேய்ங்கறான், ரெண்டு பேர் பார்த்ததும் நமக்கும் தெரியும், முடிவு நம்ம கைல. அதுக்கு டாப்னு மார்க் போட்டுட்டு, அதே வேலையைப் பண்ணின கல்கிக்கு மட்டும் ஏமாத்துக்காரர்னு பேர் வெச்சா எப்படி?

கடல் புறா வர்ணனை அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா வாரா வாரம் வந்த தொடர் அது. எங்க வீட்ல பெரியப்பா குமுதத்துலேர்ந்து கிழிச்சு பைண்டு பண்ணி வெச்ச காப்பி ஒண்ணு இருந்துச்சு, ஓவியர் லதா வரைஞ்ச படம், அத்தியாயம் முடியற எடத்துல துண்டு ஜோக், பின்பக்கம் சோப்பு விளம்பரம், எல்லாத்தோடயும். வாரத்துக்கு ஒரு அத்தியாயம்னு படிச்சா அந்த நாலு பக்கம் உறுத்தவே உறுத்தாது, ஒரே மூச்சுல படிக்கறப்போதான் இழுக்கும். கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணில வர்ற நெஜமான தளபதி, கடல் புறாங்கற கப்பல்தான் சாண்டில்யன் கற்பனைல கட்டினது.

வானம் வசப்படும் பத்திதான் எனக்கு உங்க மேல வருத்தம். அதுல வர்ற ஆனந்தரங்கப் பிள்ளை பொறந்தது நம்ம பெரம்பூர்ல, 1709-ல! புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்து 1736-லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவர், பிரபஞ்சன் அதை வெச்சுத்தான் இந்த நாவலை எழுதினார், 1995-ல சாகித்ய அகாதமி விருதும் வாங்குச்சு. 1746-ல பிரெஞ்சுக்காரங்க நம்ம சென்னைப் பட்டணத்தையே பிடிச்சிட்டாங்க, மூணு வருஷம் கழிச்சுத்தான் இங்கிலீஷ்காரன் கைக்குத் திரும்பி வந்துச்சு. இப்போ ஹைகோர்ட் நிக்குதே, அந்த எடத்துலதான் நம்ம ஜனங்க குடியிருந்த பழைய கருப்பர் பட்டணம் இருந்துச்சு. கோட்டையைச் சுத்தி பீரங்கி சுட வெட்டவெளி வேணும்னு அதை இடிச்சுத் தள்ளினாங்க, ஜனங்க வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை பக்கம் ஒதுங்கினாங்க. இதுக்கு மேல இங்க எவனும் கட்டக் கூடாதுன்னு நட்ட எல்லைக்கல்லு ஒண்ணு இன்னிக்கும் பாரிமுனைல டேர் ஹவுஸ் ஓரமா நிக்குது, தினம் நம்ம பஸ் அதைத் தாண்டித்தான் போகுது. டியூப்ளே 1754-ல பதவி போய் ஊருக்குத் திரும்புவார்னு நமக்குத் தெரியும், பக்கத்துலயே நின்னு கணக்குப் பார்க்கற பிள்ளைக்குத் தெரியாது. அந்த மனுஷன் ஒவ்வொரு காலைலயும் துரை முகத்தைப் பார்த்து இன்னிக்கு என்ன வருமோன்னு பயந்துக்கிட்டே போறார், அதைவிட பெரிய சஸ்பென்ஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. தயவுசெஞ்சு இன்னொரு தடவை படிங்க, இந்தத் தடவை ஹீரோவைத் தேடாம.

கே: வியாசர்பாடிலேர்ந்து எழுதுறேன்ண்ணா. சோழர் போதும், நம்ம ஏரியாவை வெச்சு என்ன சரித்திரக் கதை எழுதலாம்?

ப: நிறைய இருக்கும்மா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சுட்டு பர்மா ஆயில் டேங்க் பத்தி எரிஞ்சுதே, அந்த ஒரு ராத்திரி மட்டும், காசிமேட்டுக் கரைல ஒரு வீட்டுக்குள்ளேர்ந்து. இல்லன்னா 1921 பின்னி மில் ஸ்ட்ரைக். மாசக்கணக்கா ஆலைக்குப் போகாம இருந்த குடும்பத்துல அடுப்பு எப்படி எரிஞ்சுது, புளியந்தோப்புல யாரு யாருக்கு எதிரா நின்னாங்கன்னு. ஜெயமோகனோட வெள்ளை யானை பஞ்ச காலத்து மெட்ராஸைப் பத்தினது, ஐஸ் ஹவுஸ் கூலிக்காரங்க கதை. முதல்ல அதைப் படிங்க, மெட்ராஸை வெச்சு எவ்ளோ கனமா எழுத முடியும்னு தெரியும்.

கே: பொன்னியின் செல்வன் விலை கூடவா இருக்கே, என்ன பண்றது? (தண்டையார்பேட்டை வாசகர்)

ப: கல்கி எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆயாச்சு, அதனால பல பதிப்பகம் மலிவு விலைல போட்டிருக்காங்க, நெட்லயும் சும்மாவே கிடைக்குது. காசு குடுத்து வாங்கறதா இருந்தா தொடரா வந்தப்போ மணியம் வரைஞ்ச ஓவியம் போட்ட பதிப்பான்னு கேட்டு வாங்குங்க.