ஒரு கை தூரம்: கோர்ஃப்பால் டிஃபென்ஸ் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பாஸ்கெட்பால் ஆடிவிட்டு, ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் கலந்து கூடையில் பந்து போடும் கோர்ஃப்பாலுக்கு வந்தவன் நான். எவ்வளவு எகிறிக் குதித்தாலும் பந்து என் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. என்ன பயிற்சி எடுக்கலாம்?

பதில்: குதிப்பதை முதலில் விடுங்கள். இங்கே பந்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. எதிராளியைவிட போஸ்ட்டுக்கு (கூடை மாட்டியிருக்கும் கம்பத்துக்கு) அருகில், அவரைப் பார்த்தபடி, கை எட்டும் தூரத்தில் நின்று, பந்தை மறிக்கக் கையைத் தூக்கிவிட்டால் போதும். அதற்கு மேல் அவர் ஷூட் செய்து கூடைக்குள்ளேயே விழுந்தாலும் கோல் கிடையாது, பந்து உங்கள் பக்கம் வந்துவிடும். அதனால் உழைக்க வேண்டியது கால்கள்தான். நான் முதலில் கொடுப்பது இந்தப் பயிற்சி: போஸ்ட்டுக்கு அடியில் ஒருவர் பந்தோடு நிற்பார், ஐந்தாறு மீட்டர் தள்ளி நீங்களும் எதிராளியும். எதிராளி முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று நகர்ந்துகொண்டே இருப்பார், பந்து அவர் கைக்கு வரும் நொடியில் நீங்கள் கையை நீட்டி அவர் தோளைத் தொட வேண்டும். விரல் நுனி சட்டையில் பட்டால் சரியான தூரம். உள்ளங்கையே பதிந்தால் ரொம்ப ஒட்டி நிற்கிறீர்கள், தாண்டி ஓடிவிடுவார். எட்டவே இல்லையா, ஷாட் போய்விட்டது. ஷூட் செய்ய அணிக்குக் கிடைக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் போலவே 25 விநாடி நிற்காமல் செய்யுங்கள், அப்புறம் ஆளை மாற்றுங்கள். தோளைத் தொடுவது பயிற்சிக்கு மட்டும்தான், மேட்ச்சில் வேண்டாம்.

கேள்வி: நெருங்கி நின்றால் எதிராளி சட்டென்று உள்ளே ஓடி, போஸ்ட்டுக்கு அடியில் பாஸ் வாங்கிப் போட்டுவிடுகிறார்.

பதில்: பெரும்பாலும் நீங்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்தே இல்லாமல், அவர் இடுப்பை மட்டும் பார்த்துத் தொடர்ந்து பழகுங்கள். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. அவர் கிளம்பியதும் பின்னோக்கி நடக்காமல் உடம்பைத் திருப்பிக் கூடவே ஓடுங்கள். பிந்திவிட்டால் தயவுசெய்து இழுத்துப் பிடிக்காதீர்கள். கோல் வாய்ப்பைக் கெடுத்தால் பெனால்டி, 2.5 மீட்டரில் இருந்து யாரும் மறிக்க முடியாத ஷாட்.

கேள்வி: எங்கள் பயிற்சிக்குப் பெண்கள் இரண்டே பேர். ஆண்களோடு ஒன்றுக்கு ஒன்று பழகலாமா?

பதில்: கால் வேகத்துக்குத் தாராளமாக. ஆனால் மேட்ச்சில் பெண்ணைப் பெண்தான் மறிக்க வேண்டும், அதனால் தூரம் பிடிக்கும் பயிற்சியை நீங்கள் இருவரும் மாறி மாறிச் செய்யுங்கள்.

கேள்வி: எதிராளி போஸ்ட்டுக்குப் பின்னால் போய்விட்டால் எனக்கு எங்கே நிற்பதென்றே புரிவதில்லை.

பதில்: கூடை 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பின்னால் பலகை கிடையாது, எந்தப் பக்கமிருந்தும் போடலாம். பாஸ்கெட்பால் ஆடியவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். போஸ்ட்டைச் சுற்றி எதிராளியை முழு வட்டம் நடக்கவிட்டு, நீங்கள் உள்வட்டத்தில் கூடவே நகருங்கள், முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமாக, பிறகு அவர் நினைத்த இடத்தில் திசை மாறலாம் என்று. உள்வட்டம் சிறியது, உங்களுக்குத்தான் குறைந்த அடிகள். போஸ்ட்டில் இடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கையைப் பின்னால் நீட்டித் தடவிக்கொண்டே நகருங்கள். நாலைந்து நாளில் அது எங்கே இருக்கிறதென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.