அம்மாப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, போன சனிக்கிழமை மகளோடு சேலம் ஐந்து ரோட்டில் என்னைப் பார்க்க வந்தபோது, "தறி ஓட்டி பி.சி.ஏ. படிக்க வெச்சேன். இவ கண் தெரியாதவங்களுக்கு வெப்சைட் சரிபண்றேங்கிறா. சம்பளம் யார் தருவாங்க?" என்று கேட்டீர்கள். கூட்டத்தில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பார்வையில்லாத மாணவர் ஒருவர் ஆன்லைனில் விண்ணப்பம் போட என் மேசைக்கு வந்தார். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளைப் போட்டோம், அது இலவசம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப் விசையைத் தட்டத் தட்ட, "எடிட், பிளாங்க்" (நிரப்பும் கட்டம், காலி) என்று மட்டுமே சொன்னது. எது பெயர், எது பிறந்த தேதி என்று அவருக்குத் தெரியவே இல்லை. கட்டத்துக்கு மேலே எழுதியிருந்தது, ஆனால் லேபிள் போட்டு அதைக் கட்டத்தோடு இணைக்கவில்லை. கட்டத்துக்கு ஒரு வரி நிரல், அவ்வளவுதான். நல்ல மதிப்பெண் வாங்கியவர், தன் பெயரையே என்னை எழுதித் தரச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குறையைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் வேலைதான் இது. அக்ஸசிபிலிட்டி டெஸ்டிங் என்பார்கள். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களும் பயன்படுத்தும்படி தளங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை வாழும் உரிமையோடு சேர்த்துப் பேசியது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூன் 28 முதல் இதற்கான சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே ஆன்லைனில் விற்பவர்கள் பலருக்கு நம் ஐ.டி. நிறுவனங்கள் வேலை செய்து கொடுக்கின்றன. சம்பளம் அங்கிருந்து வரும். ஆனால் சேலத்திலேயே கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சென்னை, பெங்களூரு போக வேண்டியிருக்கலாம்.

இப்போதைக்குப் பணம் கட்டி எந்தப் பயிற்சியிலும் சேர்க்க வேண்டாம். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லை அடியிலிருந்து படிக்கட்டும். அப்புறம் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பது எப்படி என்று சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 வழிகாட்டி, இணையத்தில் இலவசம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வெளிச்ச மாறுபாடு வேண்டும் என்கிறது. சேலையின் வெளிர் சாம்பல் உடம்பில் வெள்ளைப் புட்டா போட்டால் எடுபடாது என்று உங்களுக்கே தெரியுமே, அதே கணக்குதான்.

அடுத்த மாதம் வரும்போது, ஏற்காட்டில் அறை பதிவு செய்யும் ஏதாவது ஒரு தளத்தை மானிட்டரை அணைத்து, என்.வி.டி.ஏ.வும் விசைப்பலகையும் மட்டும் வைத்துச் சோதித்து, எங்கெங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து படிப்போம்.