சொத்து வரி: சதுர அடியைச் சரிபாருங்கள்

கேள்வி: எதிர்வீடும் எங்கள் வீடும் ஒரே காலத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவில் கட்டியவை. ஆனால் அரையாண்டுக்கு எங்களுக்கு 200 ரூபாய் கூடுதலாக வருகிறது. மாநகராட்சி ஆள் பார்த்து வரி போடுகிறதா?
(வாசகி, திருப்பாலை)

பதில்: கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு, வகை, வயது, தெரு எந்த வரி மண்டலத்தில் வருகிறது ஆகியவற்றை வைத்துத்தான் தொகை போடுகிறார்கள். எதிரெதிர் வீடுகளுக்கு மண்டலம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் முதலில் சதுர அடியைப் பாருங்கள்.

2022 ஏப்ரல் சீராய்வில் மதுரையில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வரி உயர்ந்தது. பழைய வரி 800 ரூபாயாக இருந்த 1,200 சதுர அடி வீட்டுக்கு அது 1,200 ஆனது. அதே 800 ரூபாய் கட்டிவந்த 1,205 சதுர அடி வீட்டுக்கு 1,400 ஆகிவிட்டது. ஐந்து சதுர அடிக்கு அரையாண்டுதோறும் 200 ரூபாய்! அதன்பின் வரும் உயர்வும் இந்தத் தொகையின் மேல்தான் ஏறும்.

நீங்களே டேப் பிடித்துப் பாருங்கள். கட்டடப் பரப்பு என்றால் சுவர்க் கனமும் சேர்ந்தது. வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளக்க வேண்டும். உள்ளே அளந்தால் 28½ அடிக்கு 38½ அடி, அதாவது சுமார் 1,097 சதுர அடி வரும் வீடு, ஒன்பது அங்குலச் சுவரையும் சேர்த்தால் 30க்கு 40, முழுசாக 1,200. உள்ளளவைக் கையில் வைத்துக்கொண்டு "நூறு அடி கூட்டிப் போட்டுவிட்டார்கள்" என்று மனு கொடுத்தால் நிற்காது. வெளியளவிலும் வித்தியாசம் இருந்தால், வரைபட அனுமதி நகலையும் கடைசி வரி ரசீதையும் இணைத்து, மறுஅளவீடு கேட்டு மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். தளவாரியான அளவை மனுவிலேயே எழுதிவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: வீட்டு முன்னறையை மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கடையைக் காலி செய்து ஒரு வருடமாகிறது. வரி குறையவே இல்லையே?
(வாசகர், செல்லூர்)

பதில்: தானாகக் குறையாது. வரிவிதிப்புப் பதிவேட்டில் அந்த அறை வணிகப் பயன்பாடு என்றே கிடக்கும். பயன்பாடு மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்து, பில் கலெக்டர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் மாறும். கடை இருந்த காலத்தில் அந்த அறைக்கு மட்டும் வணிக வரி போட்டார்களா, மொத்த வீட்டுக்குமா என்பதையும் கேளுங்கள். பாக்கிப் பகுதி குடியிருப்புதான். மின் இணைப்பின் கட்டண வகையை மாற்ற மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். பட்டா எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. வரி ரசீது இன்னும் அவர் பெயரிலேயே வருகிறது. விட்டுவிடலாமா?
(வாசகர், திருநகர்)

பதில்: விடாதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் வேலை, வரிப் பதிவேடு மாநகராட்சியின் வேலை. ஒன்றில் மாறினால் மற்றதில் மாறாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திர நகல், கடைசி வரி ரசீது, ஆதார் வேண்டும். வாரிசுகள் பலர் இருந்து ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றுவதானால் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ தேவை. பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். மனுக்கள் பெரும்பாலும் நின்றுபோவது இன்ஷியலில்தான்: பத்திரத்தில் ஒன்று, வாரிசுச் சான்றில் ஒன்று. ஒன்று சொல்ல வேண்டும்: பெயர் மாறிய வரி ரசீதை வைத்துச் சொத்து உரிமை கோர முடியாது. உரிமைக்குப் பத்திரம்தான்.

கேள்வி: ஏப்ரலிலேயே கட்டினால் லாபமா?
(வாசகி, எஸ்.எஸ். காலனி)

பதில்: ஆமாம். ஏப்ரல் 30க்குள் முதல் அரையாண்டையும், அக்டோபர் 31க்குள் இரண்டாவதையும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். உச்சவரம்பு 5,000 ரூபாய். 1,400 ரூபாய்க்கு 70 ரூபாய் மிச்சம். கெடு தாண்டி இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஏறும்.

கேள்வி: ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வரியைப் பாதியாகக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?
(வாசகர், வண்டியூர்)

பதில்: வேண்டவே வேண்டாம். குறைக்க நியாயமான காரணம் இருந்தால் உங்கள் மனுவே போதும். காரணம் இல்லாமல் கணினியில் குறைத்த தொகை மறு ஆய்வில் பழையபடி ஏறும், வித்தியாசத்தை உங்களிடமே வசூலிப்பார்கள். மதுரையில் 2025-இல் வெளிவந்த வரிக் குறைப்பு முறைகேடு கைது வரை போனது. அந்த ஆளிடம் உங்கள் வரிவிதிப்பு எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள்.