சிறுகதையிலிருந்து எடுத்த க்ரைம் த்ரில்லர்களில் உங்களுக்குப் பிடித்தது எது? அதைத் தமிழில் எடுக்க முடியுமா?

என் ஓட்டு 'ரியர் விண்டோ'வுக்கு. ஹிட்ச்காக் 1954இல் எடுத்தது. கார்னெல் வுல்ரிச் 1942இல் எழுதிய 'இட் ஹேட் டு பி மர்டர்' என்ற சிறுகதைதான் மூலம். (கதையின் கடைசி வரியைச் சொல்லப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடுங்கள்.)

கதையில் ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏன் வெளியே போகவில்லை என்று வுல்ரிச் சொல்வதில்லை. கடைசியில் டாக்டர் வந்து மாவுக்கட்டைப் பிரித்துவிடலாம் என்கிறபோதுதான் கால் முறிந்திருந்தது நமக்கே தெரியும். ஹிட்ச்காக் அந்தத் துருப்புச்சீட்டை எடுத்த எடுப்பிலேயே போட்டுவிடுகிறார். கேமரா அறையை ஒரு சுற்றுச் சுற்றும்: மாவுக்கட்டு, நொறுங்கிய கேமரா, ரேஸ் கார் விபத்தின் புகைப்படம். வசனம் கிடையாது. அதனால்தான் கடைசியில் கொலைகாரன் இவன் அறைக்கு வரும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, இவனால் எழுந்து ஓட முடியாதே! கிரேஸ் கெல்லி பாத்திரமும் கதையில் இல்லை. அது சிறுகதை விட்டுவைத்த காலியிடம். நாவலென்றால் வெட்டுவதிலேயே பாதி உழைப்பு போயிருக்கும்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் இதை அப்படியே எடுத்தால் தேறாது. கால் முறிந்தவனைத் தனியாக விட்டால்தானே ஜன்னல் பக்கம் திரும்புவான்? ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாகத் தெருவே வீட்டுக்குள் இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. படத்தில் எதிர்வீட்டுக்காரன் மழை ராத்திரியில் பெட்டியோடு போவதும் வருவதுமாக இருப்பதில்தான் சந்தேகமே கிளம்புகிறது. இங்கே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் நடுராத்திரி மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போகிறவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மும்முனை கரண்ட் வந்துவிட்டால் மோட்டார் போட ஆள் ஓடும். மண்வெட்டியில் சேறு, வேட்டியில் சேறு, எதுவுமே தடயமில்லை.

நானாக இருந்தால் வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 தாண்டியும் திறக்காத ஒரு வருஷத்தில் வைப்பேன். ஊர், தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. போர்வெல் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். ஜன்னலில் இருப்பவர் ஓய்வுபெற்ற லஸ்கர், அதாவது மதகுகளைத் திறந்து மூடும் அரசு ஊழியர். எந்த மதகு எப்போது திறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மனைவி, மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருக்கிறார். வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரன் ராத்திரி ஒரு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறான்.